சாவியை யாரிடம் கொடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, களியக்காவிளைக்கு அருகில் ஒரு சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்களிடம் படித்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். கூட்டுக்காரர்கள் எதைச் செய்தாலும் அதையே இவர்களும் செய்கிறார்கள். உடையும் பேச்சும் மட்டுமல்ல, சிலருக்குக் குடிப்பழக்கம்கூட அப்படித்தான் வந்தது. “பிறருக்குப் பின்னால் போகாதீர்கள், முன்னால் நடக்கிறவர்களாக இருங்கள்” என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பிள்ளைகள் உங்கள் சபையில் இதுவரை எதையாவது தாங்களே தீர்மானித்திருக்கிறார்களா? நாற்காலி சுமந்திருப்பார்கள், கன்வென்ஷன் பந்தலுக்குத் தோரணம் கட்டியிருப்பார்கள், அசனத்துக்குப் பந்தி பரிமாறியிருப்பார்கள், கிறிஸ்மஸ் காலத்தில் நள்ளிரவு வரை வீடு வீடாகப் பாடிச் சென்றிருப்பார்கள். ஆனால் எத்தனை பேருக்குச் சமைப்பது, எந்தத் தெருவிலிருந்து பாடத் தொடங்குவது, வந்த காணிக்கையை எதற்குச் செலவிடுவது என்பதையெல்லாம் கமிட்டியிலுள்ள பெரியவர்களே முடிவு செய்திருப்பார்கள். சிறு வயது முதல் சொன்னதைச் செய்யவே பழக்கிவிட்டு, கல்லூரியில் கூட்டத்துக்கு நடுவே தனியாக நின்று “மாட்டேன்” என்று சொல்வான் என எதிர்பார்க்கிறோம். அவன் அங்கும் நாம் பழக்கியதைத்தான் செய்கிறான். சொல்கிற ஆள் மட்டுமே மாறியிருக்கிறார்.

தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை நாம் பிள்ளைகளுக்கு வீரக்கதையாகச் சொல்லிவருகிறோம். நிதானமாகப் படித்தால் அதில் சாமர்த்தியமும் பொறுமையும் அதிகம் தெரியும். ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று தானியேல் தீர்மானம்பண்ணினான். ஆனால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகாமல், பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். இதனால் தன் தலைக்கு ஆபத்து வரும் என்று அந்தத் தலைவன் அஞ்சியபோது அவனோடு வாதாடவில்லை. விசாரிப்புக்காரனாகிய மேல்ஷாரிடம் போய், பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று, மற்றவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வழியைத் தானே சொன்னான். அவனோடு இன்னும் மூன்று வாலிபர்கள் இருந்தார்கள் என்பதை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். “தனித்து நில்” என்ற போதனையைவிட, குழித்துறையில் ஒரே ரயிலில் ஏறும் நான்கு பேரை ஒன்றாக உட்காரவைத்து, விடுதி அறையில் குப்பியை நீட்டும் நண்பனிடம் சண்டையில்லாமல் என்ன சொல்வது, சொன்னபின் அந்த மாலையை எங்கே கழிப்பது என்று அவர்களையே பேசி முடிவெடுக்கச் செய்வது பயன் தரும். மறுக்கிறவனுக்குப் போக ஓர் இடம் இல்லாவிட்டால் அந்த மறுப்பு ஒரு வாரம்கூட நிற்காது.

அடுத்தது பொறுப்பு. வரும் அறுப்பின் பண்டிகையை முழுவதுமாக இளைஞர் ஐக்கியத்திடம் கொடுத்துப் பாருங்கள். மக்கள் கொண்டுவரும் வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு ஆகியவற்றை வாங்கிக் குறித்துவைப்பது, ஏலம் விடுவது, நிலுவைப் பணத்தைப் போய்க் கேட்டு வாங்குவது, கணக்கை எழுதிச் சபை முன் வாசிப்பது ஆகிய அனைத்தும் அவர்களுடையதாக இருக்கட்டும். பொருள் வைக்கும் அறையின் சாவியும் அவர்கள் கையில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்கலாம், ஆனால் கேட்டால் மட்டுமே பேச வேண்டும். (இந்தக் கடைசி நிபந்தனைதான் நம் சபைகளில் நிறைவேறுவது கடினம்.) ஏலத் தொகை சென்ற ஆண்டைவிடக் குறையக்கூடும், யாராவது ஒரு மூத்தவரின் பெயர் விட்டுப்போய் மனஸ்தாபமும் வரக்கூடும். அதற்காக அடுத்த ஆண்டு பொறுப்பைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால், இனி எதற்கும் முன்வர வேண்டாம் என்பதை அவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள்.

நம் வட்டாரத்தின் சபை வரலாறும் இதற்குச் சாட்சி. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் ஒரு மிஷனரி வந்து எழுப்பிய தலைவர் அல்லர். அவர் முயன்றதனால்தான் மிஷனரி இங்கு வந்தார். 1806இல் வந்த ரிங்கல்தௌபே என்ற அந்த மிஷனரி 1816இல் உடல்நலம் குன்றிப் புறப்பட்டபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார். அடுத்த மிஷனரியான மீட் ஐயர் வந்து சேரும் வரை தென் திருவிதாங்கூரின் அந்த இளம் சபைகளைக் கட்டிக்காத்தவர் இந்த ஊர்க்காரர்தான்.

வயதைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் சொல்லலாம். 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் காணிக்கையைக் கொண்டே ஊழியர்களைத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்கு அனுப்பிய அந்தச் சங்கத்தில், பிறரை அனுப்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. தாமும் அங்கே போனார், தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானதும் அந்தத் தோர்ணக்கலுக்கே. அவர் காலத்துச் சபையும் “இன்னும் கொஞ்சம் வயதாகட்டும்” என்று சொல்லியிருந்தால், அந்த வேலையை யார் தொடங்கியிருப்பார்கள் என்று உங்கள் கமிட்டியில் கேட்டுப் பாருங்கள்.

ரப்பர் கன்றை நட்டு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்து பால் வெட்டத் தெரிந்த நம்மவர்கள், பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் மூன்று நாள் தலைமைத்துவ முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்தவுடன் பலனைத் தேடுகிறோம். முகாம் நடத்துவதில் தவறில்லை, ஆனால் முகாமிலிருந்து திரும்பி வருகிறவனுக்குச் செய்ய ஒரு வேலை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த பட்டதாரிப் பெண். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், நான் படித்தது மலையாளம். இந்த ஆண்டு என்னை இளைஞர் ஐக்கியச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எதைச் சொன்னாலும் “கொச்சுப் பிள்ளைக்கு என்ன தெரியும்” என்று பெரியவர்கள் சிரித்துவிடுகிறார்கள். விலகிவிடலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, விலக வேண்டாம். உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு விசுவாசிகளுக்கு மாதிரியாயிரு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அசட்டை பண்ணுகிறவர்களோடு வாதாடச் சொல்லாமல், வார்த்தையிலும் நடக்கையிலும் மாதிரியாக இருக்கச் சொன்னார். உங்கள் பொறுப்பில் இது மிகச் சாதாரணமான காரியங்களில் வெளிப்படும். கூட்டம் சொன்ன நேரத்தில் தொடங்க வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு அந்த வாரமே எழுதி முடிக்கப்பட வேண்டும். ஒரு ரூபாய் வந்தாலும் ரசீது கொடுக்கப்பட வேண்டும். பல சபைகளில் கணக்கு வாசிக்கப்படுவதே அடுத்த தேர்தல் நெருங்கும்போதுதான் என்பதால், மாதந்தோறும் கணக்கு வைக்கும் செயலாளரைப் பார்த்துச் சிரிப்பது யாருக்கும் எளிதாக இராது.

உங்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் குறையாக எண்ணுவதுபோல் கடிதத்தில் தெரிகிறது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும், உங்கள் பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. ஒரே குடும்பத்தார் இரண்டு எழுத்துகளில் வேதம் வாசிக்கும் நிலை அதன்பின் வலுத்தது. உங்கள் சபையிலும் மூத்தவர்கள் தமிழ் வேதத்தையும் சிறுவர்கள் மலையாள வேதத்தையும் வைத்துக்கொண்டு தனித்தனியாக இருப்பார்களானால், இரு தரப்பாருக்கும் நடுவே நின்று பேசத்தக்கவர் நீங்கள்தான். மாதம் ஒரு ஞாயிறு மாலை, பெரியவர்கள் தமிழ்க் கீர்த்தனைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும், பிள்ளைகள் மலையாளப் பாட்டுகளைப் பெரியவர்களுக்குப் பாடிக் காட்டவும் ஏற்பாடு செய்யுங்கள். உங்களைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களில் ஒருவரையே கற்பிக்க அழையுங்கள்.

பெண் என்பதும் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை, ரோமாபுரிச் சபைக்குப் பவுலே மரியாதையோடு அறிமுகப்படுத்துகிறார். தென்னிந்தியத் திருச்சபையில் 2013ஆம் ஆண்டு ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். இதைக் கமிட்டியில் வாதமாக வைக்க வேண்டியதில்லை, தெரிந்திருந்தால் போதும்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்” என்ற வாக்குத்தத்த அட்டை அவனுக்கு வந்தது. அவனோ மேடைப்பக்கமே வராமல், சபையில் ஒலிபெருக்கிச் சாதனங்களைச் சரிசெய்துகொண்டு மூலையில் இருக்கிறான். அவனை எப்படி முன்னுக்குக் கொண்டுவருவது? – ஒரு தகப்பன், மார்த்தாண்டம்.

பதில்: உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் முழு ஜனத்துக்கும், அதுவும் கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடும் சொல்லப்பட்டது. அட்டையில் இடம் போதாமல் நிபந்தனை விடுபட்டுப்போகிறது. உங்கள் மகன் மேடையில் ஏறிப் பேச வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால் அவன் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன் என்று ஆண்டவர் சொன்னதும், யாக்கோபுக்கும் யோவானுக்கும் வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் இடம் கேட்கப்பட்டு, மற்ற சீஷர்கள் எரிச்சலடைந்த நேரத்தில்தான்.

அந்திரேயா செய்த பிரசங்கம் ஒன்றுகூட நமக்கு எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் பேதுருவை இயேசுவினிடத்தில் அழைத்துவந்தவர் அவரே. உங்கள் மகன் மூலையிலேயே இருக்கட்டும், அவனை மேடைக்குத் தள்ளாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவன் இரண்டு ஆண்டுகளில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ வெளியூர் போய்விடக்கூடும். அதற்கு முன் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, எந்த ஒயர் எங்கே போகிறது, ஆராதனை நடுவே ஒலி நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பிறகு ஒரு ஞாயிறு, அவர்களிடம் அந்த மூலையை விட்டுவிட்டு, அவன் உங்கள் அருகில் வந்து உட்காரட்டும்.