ஆயாவின் கால் புண்ணுக்கு எந்த மூலிகை?

கேள்வி: நாங்கள் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். எங்கள் ஆயாவுக்கு 79 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கட்டிலின் இரும்புக் கால் இடித்து வலது கணைக்காலில் தோல் பிய்ந்து ஆறு வாரம் ஆகிறது. முதலில் மஞ்சள்தூள் வைத்தோம். பிறகு வாசலில் வளரும் கற்றாழையைப் பிளந்து தடவினோம். ஆறவில்லை. புண்ணின் நடுவில் மஞ்சளாக இருக்கிறது, சாயங்காலமானால் பாதம் வீங்குகிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு வைத்தியர் பச்சை நிற மூலிகை எண்ணெய் தருகிறார். ஒரு புட்டி 850 ரேண்ட். மூன்று புட்டி போட்டால் ஆறிவிடும், அதுவரை கிளினிக் மருந்தெல்லாம் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா? அல்லது வேறு எந்த மூலிகை நல்லது?

பதில்: வாங்காதீர்கள். அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று ஆராயக்கூட வேண்டியதில்லை. சர்க்கரை உள்ள 79 வயது அம்மாவிடம் கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்லத் துணிந்தவர் கையால் எதையும் வாங்கக் கூடாது. மருந்தை நிறுத்தினால் சர்க்கரை ஏறும். ஏறினால் புண்ணில் கிருமி பெருகும், புதுச் சதை வளராது. ஆயா இதற்குள் மாத்திரையை நிறுத்தியிருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காயப் பராமரிப்புச் செவிலியராக வேலை செய்யும் என்னிடம் நம் வீடுகளிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: எந்த இலை, எந்தத் தைலம். ஆறு வாரம் ஆறாத கால் புண் என்றால் முதலில் கேட்க வேண்டியது, ஏன் ஆறவில்லை என்று. வேருக்குத் தண்ணீர் போகாத செடிக்கு இலையில் மருந்தடித்துப் பயனில்லை. காலுக்கு நல்ல இரத்தம் இறங்கி வர வேண்டும், வந்த இரத்தம் தேங்காமல் மேலே ஏற வேண்டும், சர்க்கரை அடங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தால் இமயமலையிலிருந்து மூலிகை வந்தாலும் புண் மூடாது.

சாயங்காலம் பாதம் வீங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வயதானவர்களுக்குக் காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களில் (சிரைகளில்) உள்ள வால்வுகள் தளர்ந்துபோகும். இரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்கும். தோல் ஊறிப்போய், சின்னக் கீறல்கூடப் புண்ணாகி நிற்கும். கணுக்காலைச் சுற்றித் தோல் பழுப்பாகக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வகைப் புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு மருந்து இலையில் இல்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை சுற்றும் இறுக்குக் கட்டுதான் மருந்து. ஆனால் காலுக்கு இறங்கி வரும் இரத்தமே குறைவாக இருந்தால் அதே இறுக்குக் கட்டு காலைக் கொன்றுவிடும். அதனால்தான் கட்டுப் போடுவதற்கு முன் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டாப்ளர் என்று ஒரு சிறிய கருவி. வலிக்காது, அரை மணி நேர வேலை. சர்க்கரைக்காரர்களுக்கு இரத்தக்குழாய் கல்போல் இறுகிவிடுவதால் கணுக்கால் கணக்கு பொய்யாகவும் வரும். அப்போது கால் விரலில் அழுத்தம் எடுப்பார்கள். அந்த நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். "காலின் இரத்த ஓட்டம் பார்த்தீர்களா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

வீட்டில் போட்டவற்றைப் பற்றி.

மஞ்சள்தூளை இன்றே நிறுத்துங்கள். கடை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல. திறந்த புண்ணில் அது மணல்போல் ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் நிறம். புண்ணின் நடுவில் மஞ்சளாக இருக்கிறது என்கிறீர்கள். அது செத்த சதையின் படலமா, சீழா, நீங்கள் போட்ட மஞ்சளா? நேரில் பார்த்தால்கூடக் கழுவாமல் என்னால் சொல்ல முடியாது. சுற்றிலும் சிவப்பு பரவுகிறதா என்பதையும் அது மறைத்துவிடும். குழம்பில் போடுங்கள், தடையில்லை. மஞ்சள் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிலும் ஆயா வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் தொடவே கூடாது.

காப்பித்தூள், சாம்பல், சாணம் எதுவும் வேண்டாம். திருநீறு நெற்றிக்கு. புண்ணுக்கு வேண்டாம். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் விதை கிடக்கும். நம் ஆயாக்களில் பலர் கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் அதையும் கேளுங்கள்.

கற்றாழையில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். கடுங்கசப்பு. அது காய்ந்தால்தான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மூசாம்பரம், பேதிக்குக் கொடுப்பார்களே அது. உள்ளே கண்ணாடிபோல் இருக்கும் சோறு வேறு. தோலுக்கு இதமானது அந்தச் சோறு, எரிப்பது அந்தப் பால். வீட்டில் மடலைப் பிளந்து அப்படியே தேய்க்கும்போது இரண்டும் சேர்ந்தே புண்ணில் இறங்குகிறது. அதிலும் இந்த நாட்டில் வாசல்தோறும் நிற்கும் கற்றாழை பெரும்பாலும் நம் ஊர்ச் சோற்றுக் கற்றாழை அல்ல. ஆளுயரம் வளர்ந்து, மடல் முழுக்க முள்ளோடு, குளிர்காலத்தில் செங்கதிராகப் பூக்கும் கேப் கற்றாழை. மூசாம்பரம் எடுத்து ஏற்றுமதி செய்வதற்கென்றே வெட்டப்படும் இனம் அது, பால் அவ்வளவு அதிகம். சமையலறையில் சூடு பட்ட விரலுக்கு, தோல் கிழியாத இடத்துக்கு, கற்றாழை போடலாம். மடலை அடியில் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்தி, மஞ்சள் பால் வடிந்து நின்ற பிறகு தோலைச் சீவி, சோற்றை ஓடும் தண்ணீரில் கழுவி எடுங்கள். ஆயாவின் திறந்த புண்ணுக்கு இப்படி எடுத்த சோறும் வேண்டாம். தோட்டத்திலிருந்து வருவது எதுவும் சுத்தமாக இருக்காது.

பல்பைன் என்று ஒரு செடி உண்டு. வெங்காயத்தாள்போல் உருண்ட இலை, மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சின்னப் பூ. சாலையோரத் திட்டுகளில்கூட நட்டிருப்பார்கள். இலையைக் கிள்ளினால் கூழ் வரும். இந்த மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டுக்கும் தீப்புண்ணுக்கும் போடுவது. பன்றிகளின் தோலில் சோதித்தபோது புண் சுருங்குவது விரைவானது. ஆனால் அந்தப் பன்றிகளுக்கு 79 வயதும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சின்னச் சிராய்ப்புக்கு நல்லது. வல்லாரைக்கும் இதே பதில்தான். மடகாஸ்கர் வல்லாரையின் சத்தைப் பிரித்தெடுத்துக் காயக் களிம்பு செய்திருக்கிறார்கள். அம்மியில் அரைத்த வல்லாரை அந்தக் களிம்பு ஆகாது. துவையல் அரைத்து ஆயாவுக்குக் கொடுங்கள். தேன் என்றால் மருந்துக் கடையில் கிருமி நீக்கி விற்கும் காயத் தேன் மட்டும், அதுவும் செவிலியர் சொன்னால். காம்ஃப்ரி என்ற மூலிகைச் செடியின் களிம்பை எந்தத் திறந்த புண்ணிலும் போடாதீர்கள். ஈரலைக் கெடுக்கும் பொருள் அதில் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புண் ஈரமாக இருந்தால்தான் ஆறும், காயவிடக் கூடாது என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்கிறோம். சரிதான். ஒரே ஓர் இடத்தில் இது தலைகீழ். படுத்தே இருக்கும் வயதானவர்களின் குதிகாலிலும், இரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரைக்காரர்களின் கால்விரலிலும் கறுப்பாக, கெட்டியாக, தோல் செருப்புபோல் ஒரு பொருக்கு உட்காரும். சுற்றிலும் சிவப்பு இல்லை, கசிவு இல்லை, நாற்றம் இல்லை, அழுத்தினால் கொழகொழப்பு இல்லை என்றால் அந்தப் பொருக்கை நனைக்கவே கூடாது. கற்றாழை, எண்ணெய், தேன், பப்பாளி எதுவும் கூடாது. பப்பாளிக்காயின் பால் செத்த சதையைக் கரைக்கும் என்பது உண்மைதான். அதனாலேயே இந்த இடத்தில் அது ஆபத்து. காய்ந்த பொருக்கு அடியிலுள்ள சதைக்கு மூடி. அதை ஊறவைத்துத் திறந்தால் கிருமி நேரே எலும்புக்குப் போகும். காய்ந்து கிடந்த அழுகல் ஈர அழுகலாக மாறும். அதன் பிறகு விரலோடு நிற்குமா, முழங்கால் வரை போகுமா என்று அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டிவரும். பிள்ளைகள் அன்போடு எண்ணெய் போட்டு ஊறவைத்த கால்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயாவின் குதிகாலையும் விரல் இடுக்குகளையும் இன்று இரவே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு இருந்தால் உலர்ந்த துணிக்கட்டு, குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை, மறுநாள் மருத்துவர். அதே பொருக்கு கொழகொழத்தாலோ நாற்றம் எடுத்தாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது வைத்தியர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆயுர்வேதமோ மூலிகை மருத்துவமோ பார்ப்பவர் துணை மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். "என் தாத்தா பெரிய வைத்தியர்" என்பது பதிவு எண் ஆகாது. புட்டியில் விற்கும் மூலிகை மருந்தின் லேபிளில் செய்தவர் பெயர், உள்ள பொருள்கள், காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும். சாப்ரா என்கிற மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் இதன் தரத்தையோ பாதுகாப்பையோ மதிப்பிடவில்லை என்ற வாசகமும் இருக்க வேண்டும். எதுவுமில்லாமல் வரும் பச்சை எண்ணெயில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் முதல் வாரம் சிவப்பு அடங்கும், வலி குறையும், வீடே அவரைக் கும்பிடும். அப்புறம் தோல் இன்னும் மெலியும், கிருமி சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். உள்ளுக்குக் கொடுக்கும் பஸ்பம், செந்தூரம் வகைகளில் பாதரசமும் ஈயமும் இருப்பதுண்டு. இந்தியாவிலிருந்து சொந்தக்காரர் பெட்டியில் வந்தது என்பதால் அது சுத்தமாகிவிடாது. வார்விக் மூலிகைச் சந்தையில் பட்டையையும் வேரையும் பொடித்து விற்கிறார்கள். பொடித்துவிட்டால் அது எந்த மரம் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பொடி வாங்காதீர்கள்.

இவர்களிடம் ஏன் போகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். கிளினிக்கில் விடியலுக்கு முன்பே வரிசை. ஒவ்வொரு முறையும் வேறு செவிலியர், அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நல்ல டிரெஸ்ஸிங் ஸ்டாக் இல்லை என்று உலர்ந்த காஸ் துணியை வைத்து அனுப்புவார்கள். அது புண்ணில் ஒட்டி, பிய்க்கும்போது முளைத்த புதுத் தோலையும் சேர்த்துப் பிய்க்கும். டாப்ளர் கருவியோ யாரோ ஒருவருடைய பூட்டிய அலமாரியில். கால் போன பிறகு அறுவைக்கும் சக்கர நாற்காலிக்கும் செலவழிக்கிற அரசாங்கம், அதற்கு முன் ஒரு இறுக்குக் கட்டுக்குச் செலவழிக்கத் தயங்குகிறது. இதை மேலே எழுதி எழுதி என் கை சலித்துவிட்டது. அதற்காக 850 ரேண்டை அந்த வைத்தியரிடம் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பணத்துக்கு மருந்துக் கடையில் சில வாரங்களுக்கு ஒட்டாத டிரெஸ்ஸிங் வாங்கலாம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். ஒட்டாத டிரெஸ்ஸிங் வைத்து மெல்லிய துணிக்கட்டுச் சுற்றுங்கள். பிளாஸ்திரியை அந்தத் தோலில் ஒட்டவே கூடாது. வயதானால் மேல்தோலும் அடித்தோலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிடி தளர்ந்துவிடும், பிளாஸ்திரியை உரித்தால் தோலும் கூடவே வரும். உட்காரும்போது காலை முக்காலியில் தூக்கி வைக்கட்டும். ஆனால் விரல்கள் சில்லிட்டு வெளுத்தாலோ, காலைத் தூக்கினால் வலி கூடினாலோ வேண்டாம். பருப்பு, முட்டை, மீன் தினமும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புண் ஆறட்டும் என்று பத்தியம் போட்டு முட்டையையும் மீனையும் நிறுத்துகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், சதை வளர அதுதான் வேண்டும்.

மறுபடி எங்காவது இடித்துத் தோல் பிய்ந்தால், தொங்கும் தோலைக் கத்தரிக்காதீர்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த காஸ் துணியை அதன் மேல் சில நிமிடம் வைத்து இளக்கி, ஈரமான பஞ்சுக்குச்சியால் மெதுவாக உருட்டிப் பழைய இடத்தில் படியவிடுங்கள். மேலே சிலிக்கோன் டிரெஸ்ஸிங். தோல் எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று தெரிய, டிரெஸ்ஸிங் மேலேயே பேனாவால் ஓர் அம்புக்குறி போடுங்கள். அடுத்து வரும் செவிலியர் அதைப் பார்த்துப் பிரிப்பார்.

சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், சர்க்கரை திடீரென்று ஏறினால், ஆயா வழக்கமில்லாமல் உளறினால் அன்றே மருத்துவமனை. ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112.

இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். கால் இரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்க்க வேண்டும், காயச் செவிலியருக்குக் கடிதம் வேண்டும் என்று மூன்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாரம் ஒருமுறை புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரேண்ட் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், சுருங்குகிறதா என்று தெரியும். சரியான கட்டுப் போட்டு நான்கு வாரம் ஆகியும் சுருங்கவில்லை என்றால் ஓரத்திலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தோல் புற்றுநோயும் ஆறாத புண்ணாகக் கிடப்பதுண்டு. முடியாது என்றால், ஏன் முடியாது என்று ஆயாவின் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.