கனடா, பிரேசில் ஆகிய நாடுகளின் மரக்கூழ் ஏற்றுமதி மதிப்பைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லூரி ஆய்வறிக்கைக்காகவோ, புதிதாகச் சேர்ந்த வேலையில் மேலாளர் கேட்டதற்காகவோ இந்த ஒப்பீட்டைச் செய்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் பொருளியல் படித்தவன் அல்லன். காகித ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன்.

முதலில் நாணயத்தைப் பாருங்கள். கனடாவின் புள்ளியியல் துறை ஏற்றுமதி மதிப்பைக் கனடிய டாலரிலும், பிரேசில் அரசு அமெரிக்க டாலரிலும் வெளியிடுகின்றன. 2011இல் இரண்டு டாலர்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தன; 2016 தொடக்கத்தில் ஒரு கனடிய டாலர் சுமார் 70 அமெரிக்க சென்ட்டுக்கு இறங்கியிருந்தது. அந்த ஆண்டு எங்கள் ஆலைக்கு வந்த ஆலோசகர் ஒருவர், இரு நாடுகளின் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு, கனடாவின் ஏற்றுமதி அசையாமல் நிற்கிறது என்று விளக்கினார். படத்தின் ஓரத்தில் ‘டாலர்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. எந்த டாலர் என்று எழுந்து கேட்டேன். “அதெல்லாம் பார்த்தாயிற்று, உட்காருங்கள் தம்பி” என்றார். அன்றிரவே ஆண்டுச் சராசரி மாற்று விகிதத்தை வைத்துக் கணக்கிட்டேன். கனடாவின் கோடு சரிந்துதான் வந்தது. மறுநாள் அந்தத் தாளை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படிக்காமலே இழுப்பறையில் வைத்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து, மதிப்போடு ஏற்றுமதியான டன் எடையையும் பாருங்கள். கேட்டது மதிப்பைப் பற்றித்தானே, எடை எதற்கு என்று சிலர் மறுக்கக்கூடும். 2010 பிப்ரவரியில் சிலியில் நிலநடுக்கம் ஏற்பட்டுக் கூழாலைகள் நின்றபோது உலகச் சந்தையில் கூழ் விலை ஏறியது. அந்த ஆண்டு மற்ற நாடுகளின் ஏற்றுமதி மதிப்பு உயர்ந்ததை வைத்து, அங்கே உற்பத்தியும் அதே அளவு பெருகியது என்று எழுதினால் அது தவறு. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் மதிப்பையும் டன் எடையால் வகுத்து, சராசரி விலையைத் தனிக் கோடாகப் போடுங்கள்.

இரு நாடுகளின் கூழும் ஒரே சரக்கும் அல்ல. பிரேசிலின் கூழ் பெரும்பாலும் யூகலிப்டஸ். ஏழு ஆண்டுகளில் வெட்டும் மரம், குட்டை இழை. கனடாவிலிருந்து முக்கியமாக வருவது பல பத்தாண்டுகள் வளர்ந்த ஊசியிலை மரத்தின் நீண்ட இழை. உலர்ந்த அட்டைகளாகக் கட்டப்பட்ட கூழ் வந்து இறங்கியதும் ஓர் அட்டையை உருவி மூலையைக் கிழித்துப் பார்ப்பேன்: கனடியக் கூழ் விரலுக்கு இணங்காமல், கிழிந்த விளிம்பில் மயிர் மயிராக இழை நீட்டிக்கொண்டு நிற்கும், யூகலிப்டஸ் எளிதில் பிய்ந்துவிடும். கரும்புச் சக்கைக் கூழில் ஓடும் ஆலைக்கு, எந்திரத்தில் தாள் அறுபடாமல் இருக்க அந்த நீண்ட இழை தேவை. சுங்கக் குறியீட்டில் வெளுத்த ஊசியிலைக் கூழுக்கு 470321 என்றும், மற்ற மரக் கூழுக்கு 470329 என்றும் தனி எண்கள் உண்டு. அந்தக் குறியீட்டின் 47ஆம் அத்தியாயத்தை மொத்தமாக எடுத்தால் 4707இல் உள்ள கழிவுத்தாளும் சேர்ந்துவிடும்.

இன்று பிரேசில் முந்தி நிற்பதற்கு விலை மட்டும் காரணமன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பைன் வண்டு காடுகளை அழித்ததால் மரம் கிடைப்பது குறைந்து ஆலைகள் மூடப்பட்டன. அங்குள்ள பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் 2023இல் ஒரு கூழ் உற்பத்திப் பிரிவு நின்றது. மறுபுறம், பிரேசிலின் ரிபாஸ் டோ ரியோ பார்டோவில் ஆண்டுக்கு 25.5 லட்சம் டன் தரும் ஒரே ஆலை 2024 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டுகளை உங்கள் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். எந்த டாலர் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள்.