நட்சத்திரம் கட்டியாச்சு, நாயை என்ன செய்ய?

கார்த்திகை தீபம், அடுத்து கிறிஸ்மஸ், புது வருசம்னு வீடெல்லாம் ஜோடனை ஏறுற நேரம். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. நாய் வளர்க்குறவங்க ஊர் ஊரா கேட்ட கேள்விக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, எங்க குட்டிநாய் கிறிஸ்மஸ் மரத்துல சுத்துன ஜிகினாவைக் கடிச்சு முழுங்கிட்டு. இன்னைக்கு வெளிக்குப் போகையில பின்னாடி நூல் மாதிரி தொங்குது. இழுத்திரட்டுமா?

இழுக்கவே கூடாது தாயி. வெளியே தெரியுறது ஒரு நுனிதான். மறுநுனி நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டியிருக்கலாம். அப்படி மாட்டினா, பாவாடை நாடாவை இழுத்தாப்ல குடல் சுருங்கிப்போகும். நீங்க இழுத்தா அந்த ஜிகினா குடல் சுவரையே அறுத்துரும். தொங்குறது நீளமா இருந்தா கொஞ்சம் விட்டுக் கத்தரிச்சு விடுங்க, அதோட நிறுத்துங்க. கடிக்காத குட்டின்னா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பாருங்க, அங்கே நூல் இருந்தாலும் இழுக்க வேண்டாம். வாந்தி, இரை எடுக்காம சுருண்டு படுக்குறது, வயித்தைத் தொட்டா முனகுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் நாளைக்குப் பார்ப்போம்னு தள்ளாதீங்க. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இன்னைக்கே தூக்கிட்டுப் போங்க. எந்தத் தொந்தரவும் தெரியலன்னாலும் ஒரு தடவை டாக்டர் கையில காட்டிருங்க. வாழைப்பழம் ஊட்டினா வந்துரும்னு பக்கத்து வீட்டு மதினி சொல்லுவாங்க, கேக்காதீங்க.

வள்ளியூர்: சீரியல் செட் வயரைக் கடிச்சிட்டு சார். இப்ப நல்லாத்தான் ஓடுது.

ஓடுதுன்னு விட்டுறாதீங்க. ஷாக் அடிச்ச நாய்க்குச் சில மணி நேரம் கழிச்சுக்கூட நுரையீரல்ல நீர் கோக்கும். மூச்சு வாங்குதா, ஈறு வெளுத்திருக்கா, வாயோரம் கருகியிருக்கான்னு பாருங்க. டாக்டர்கிட்ட காட்டாம இருக்க வேண்டாம். வயரைக் கவ்வின நிலையில நாய் விறைச்சுக் கிடந்தா, மெயினை அணைச்சுட்டுத்தான் தொடணும். கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டுல இருந்தா மனுசனுக்கும் நல்லது.

திசையன்விளை: பிளம் கேக் பாதி காணோம். உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கவா?

வேண்டாம். உப்பே விஷமாயிரும். கேக்குல இருக்குற உலர்திராட்சை நாயோட சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்னா ஆபத்துன்னு அளவு சொல்ல முடியாது, ஒரு நாய் தாங்கும், இன்னொண்ணு தாங்காது. தின்னு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா டாக்டரே ஊசி போட்டு வெளியே எடுத்துருவார். கூடவே சாக்லெட்டும் தின்னுச்சான்னு சொல்லுங்க, கறுப்பு சாக்லெட் ரொம்ப மோசம். வரிசையில நின்னு வாங்குன அல்வாவும் அதுக்கு ஆகாது. அம்புட்டு நெய்யும் கணையத்தை வீங்க வச்சிரும்.

அம்பாசமுத்திரம்: எங்க நாய் கிறிஸ்மஸ் குடில்ல போய் காலைத் தூக்குது அண்ணாச்சி!

புது வைக்கோலைப் பார்த்தா அது தன் எல்லைன்னு எழுதி வைக்கத்தான் செய்யும். குடிலை மேசை மேல ஏத்துங்க. கீழேயே இருந்தா குடிலுக்குள்ள போற பல்பு வயர் நனையும், அதுதான் பயம். பனிக்குப் பரத்துற பஞ்சும் தெர்மோகோலும் வாய்க்கு எட்டாம இருக்கட்டும்.

தென்காசி: கார்த்திகைக்கு வாசல்ல அரளிமாலை கட்டுவோம். பரவாயில்லையா?

அரளி மட்டும் ஆகாது. பூ, இலை, குச்சி எல்லாமே இதயத்தைப் பிடிக்கும், காய்ஞ்சாலும் விஷம் போகாது. மாவிலை, மல்லிகை போதும். அகலை வால் எட்டாத உயரத்துல வையுங்க.

களக்காடு: பட்டன் பேட்டரி போட்ட மெழுகுவத்தியை நாய் உடைச்சிட்டு. பேட்டரியைக் காணோம்.

வாந்தி எடுக்க வைக்காதீங்க. பேட்டரி தொண்டைக்குழாயில நின்னா சீக்கிரமே சுட்டுப் புண்ணாக்கிரும். உடனே எக்ஸ்ரே எடுக்கணும், உடைஞ்ச மெழுகுவத்தியையும் கையோட கொண்டு போங்க.

சங்கரன்கோவில்: எங்க சிப்பிப்பாறை நாய் வெடிச்சத்தம் கேட்டா சுவரைத் தாண்டிருது.

24, 31 ராத்திரி வெடிச்சத்தம் இருக்கும். கிறிஸ்மஸ் கேரல் பாட வாரவங்க கேட்டைத் திறந்தே போட்டுட்டும் போவாங்க. இருட்டுமுன்ன வெளிக்கு விட்டுக் கூட்டியாந்து, உள்ளறையில ஃபேனையும் டிவியையும் போட்டு அடைச்சிருங்க. கழுத்துப்பட்டையில போன் நம்பரை எழுதிருங்க. மாடியில மட்டும் கட்டிப்போடாதீங்க, மிரண்டு குதிச்சா கயித்துல தொங்கிரும்.