கெலாவுக்கும் காவிரி மீனுக்கும் என்ன உறவு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பகாங்கில் பிடித்த கெலா மீனின் படத்தை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த என் மாமா, "இது நம் ஊர்க் காவிரியில் கிடைக்கும் மீன்தானே" என்கிறார். இரண்டும் ஒன்றா? மரபணுவைச் சோதித்து இதைச் சொல்ல முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒன்றல்ல. ஆனாலும் உங்கள் மாமாவின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் கெண்டைக் குடும்பத்தில் 'தோர்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் இரண்டுக்கும் உண்டு. ஒரே ஆற்றில் வாழும் ஒரே இனத்து மீன்களுக்குள்ளேயே உதட்டின் தடிப்பும் உடல் நிறமும் மாறுபடுவதால், தோற்றத்தை மட்டும் நம்பி இந்தப் பேரினத்தைப் பிரித்தவர்கள் பலமுறை குழம்பியிருக்கிறார்கள். மரபணு ஆய்வு இங்கே கைகொடுப்பது அதனால்தான்.

துடுப்பின் ஓரத்தில் அரிசி அளவு துண்டு வெட்டினாலே ஆய்வுக்குப் போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பல கோடிப் படிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை, அதாவது டிஎன்ஏவை ஆக்கும் நான்கு வேதி அலகுகளின் வரிசையை, படிக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் படிக்கப்படுவது, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. மீன்களில் இது ஏறத்தாழ 16,500 எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். ஒவ்வோர் உயிரணுவிலும் இதன் படிகள் ஏராளமாக இருப்பதால் கெட்டுப்போன மாதிரியிலும் கிடைத்துவிடும். தோர் மீன்களுக்கு இது இன்னொரு வகையிலும் வசதி. வரிக்குதிரை மீனுக்கு 50 குரோமோசோம்கள் இருக்க, இவற்றுக்கு 100 உள்ளன. முன்னொரு காலத்தில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்ததன் விளைவு இது. ஆகவே உட்கருவில் உள்ள மரபணு ஒன்றைத் தேடினால் அதைப் போன்ற இரட்டையும் சேர்ந்து அகப்பட்டு ஆய்வாளரை அலைக்கழிக்கும்.

இனி ஒப்பிடும் முறை. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள், ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் அவ்விரண்டும் ஒரே மூலப்படியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று முடிவு செய்வார்கள். பிழையற்ற வரிகள் எல்லாச் சுவடிகளிலும் இருப்பதால் அவற்றைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. மீன்களிலும் இதே நியாயம்தான். எத்தனை எழுத்துகள் ஒத்துப்போகின்றன என்ற எண்ணிக்கையைவிட, புதிதாகத் தோன்றிய எந்த மாற்றத்தை எந்தெந்த மீன்கள் பகிர்ந்துகொள்கின்றன என்பதே உறவைக் காட்டும். எது பழையது, எது புதியது என்று தெரிய, சற்றுத் தூரத்து உறவான இன்னொரு மீனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காவிரியின் கதைக்கு வருவோம். அங்கே முதுகு மேடிட்ட ஒரு பெருமீனைத் தூண்டில்காரர்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அறிவார்கள். ஆயினும் அது எந்த இனம் என்பது உறுதிப்படாமலே இருந்தது. மைட்டோகாண்ட்ரியா வரிசையையும் உடல் அளவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றிலிருந்து 2007இல் பெயரிடப்பட்ட 'தோர் ரேமாதேவி'தான் அது என்று 2018இல் காட்டினார்கள். பெயர் உறுதியானதும், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் காவிரியின் பெரும்பகுதியில், பண்ணையில் வளர்த்து விடப்பட்ட நீலத்துடுப்புத் தோர் இனம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டிருந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. தாய் ஓர் இனமும் தந்தை வேறோர் இனமுமாகப் பிறந்த கலப்பு மீனைச் சோதித்தால், அது தாயின் இனத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விடும் வழக்கம் உள்ள இடங்களில் இது சிறிய விஷயமல்ல. ஒரே மரபணுவை வைத்து வரைந்த உறவு மரத்தை நான் பாதிதான் நம்புவேன்.

கேள்வி: நன்னீர் மீன்கள் கடலைத் தாண்டா என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, நம் மேற்குக் கரை ஆறுகளிலும் சுமத்ராவிலும் ஒரே வகை மீன்கள் இருப்பது எப்படி?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அவை கடலைத் தாண்டவில்லை, அப்போது அங்கே கடலே இல்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா யாவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. இன்றைய மலாக்கா நீரிணையின் நடுவே ஓர் ஆறு வடக்கு நோக்கி ஓடியது. பேராக், பெர்னாம் ஆறுகள் இக்கரையிலிருந்தும், ரோக்கான் போன்றவை சுமத்ராவிலிருந்தும் அதில் கலந்தன. பினாங்குப் படகுத்துறையில் நின்று அக்கரையைப் பார்ப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கலாம், ஆனால் பினாங்கும் அன்று தீவல்ல.

மரபணு இதைச் சோதிக்க வழி தருகிறது. வயல் வாய்க்கால்களில் நீர்ப்பரப்பை ஒட்டித் திரியும், கீழ்த்தாடை மட்டும் ஊசிபோல் நீண்ட சிறு மீன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாயில் ஜூலோங்-ஜூலோங் என்பார்கள். அந்த வகை மீன்களைத் தென்கிழக்காசியா முழுவதும் சேகரித்து, பல மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. தாழ்நில மீன்களின் உறவை வகுத்ததில், இன்று கடலுக்கடியில் கிடக்கும் பழைய ஆற்றுப் படுகைகளுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று அது காட்டியது. வரைபடத்தில் அருகருகே இருக்கும் இரண்டு ஆறுகளைவிட, ஒரு காலத்தில் ஒரே வாய்வழியாகக் கடலில் கலந்த இரண்டு ஆறுகளின் மீன்கள் நெருங்கிய உறவாக இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: தங்கக் கெலிசா, சிவப்புக் கெலிசா, பச்சைக் கெலிசா எல்லாம் வெவ்வேறு இனங்களா? இதே மீனுக்கு ஆஸ்திரேலியாவில் சொந்தம் இருக்கிறதாமே?
– வாசகர், செந்தூல்

பதில்: முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை: அரோவானா என்றும் அழைக்கப்படும் கெலிசா ஒரே இனம் என்பதையே பெரும்பாலோர் ஏற்கிறார்கள். நிறத்தை வைத்து நான்காகப் பிரிக்க 2003இல் ஒரு முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. பேராக்கின் புக்கிட் மேரா ஏரித் தங்கக் கெலிசாவுக்குத் தனி விலை கிடைக்கலாம், அதனால் அது தனி இனமாகிவிடாது.

ஆஸ்திரேலியச் சொந்தம் உண்மைதான், ஆனால் அது எவ்வளவு பழையது என்பதில்தான் வழக்கு. டிஎன்ஏவில் எழுத்து மாற்றங்கள் ஏறத்தாழச் சீராகச் சேர்கின்றன என்று கொண்டு, வயது தெரிந்த புதைபடிவங்களால் அந்த வேகத்தை அளவிட்டு, பிரிந்த காலத்தைக் கணிக்கிறார்கள். இவ்வாறு 2000இல் வெளியான ஒரு கணிப்பு, ஆசியக் கெலிசாவும் ஆஸ்திரேலிய இனங்களும் ஏறத்தாழ 13.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்றது. கோண்டுவானா என்னும் பழைய தென்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த இந்திய நிலப்பரப்புதான் கெலிசாவின் முன்னோரைச் சுமந்து வந்தது என்ற கருத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. பின்னர் வேறு புதைபடிவங்களைக் கொண்டு வேகத்தை அளந்த சிலருக்கு ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளே கிடைத்தன. அது சரியென்றால், நகரும் நிலப்பரப்பின் கதை இங்கே செல்லாது. இக்குடும்பத்தின் அழிந்துபோன உறவினர் சில கடற்படிவுகளில் கிடைத்திருப்பதால், முன்னோர் உப்புநீரைத் தாங்கியிருக்கலாம் என்ற எண்ணமும் வலுப்பெற்றுள்ளது. எனக்கு இரண்டாவது கணக்கே மேலாகத் தோன்றுகிறது. சீனாவில் கிடைத்த இப்பேரினத்தின் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் புதைபடிவங்களையும் எந்தக் கதையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.

கேள்வி: பள்ளி அறிவியல் திட்டத்துக்காக வாய்க்கால் மீன்களைச் சேகரித்து ஃபார்மலினில் போட்டிருக்கிறோம். பிறகு டிஎன்ஏ எடுக்கலாமா?
– மாணவி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: மிகக் கடினம். ஃபார்மலின் உடலைக் கெடாமல் காக்கும், டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அடுத்த முறை, மீனை ஃபார்மலினில் இடுவதற்கு முன்பே வலப்பக்கத் துடுப்பில் ஒரு சிறு துண்டை வெட்டி, 95 விழுக்காட்டு எத்தனாலில் தனிக் குப்பியில் வையுங்கள். மறுநாள் அந்த எத்தனாலை ஒருமுறை மாற்றிவிடுங்கள். உடலை எறிந்துவிடாதீர்கள், ஏனெனில் எழுத்து வரிசையில் ஐயம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. குப்பிக்கும் மீனுக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதி உள்ளே இடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஆற்றில் பிடிப்பதானால் மீன்வள இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும்படி உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.