வீட்டில் எல்லோருக்கும் அசதி என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

அம்மா, சித்தி, நீங்கள், தங்கை என நான்கு பேருக்கும் காலையில் எழும்போதே உடம்பு கனக்கிறது, பாட்டியும் அப்படித்தான் இருந்தாராம், இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் தேறவில்லை, இது பரம்பரையா என்று கேட்டிருக்கிறீர்கள். சித்தி பட்டுக்கோட்டையில், நீங்கள் திருவாரூரில், தங்கைக்குத் தாய்மாமன் மகனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு விவரங்களும் மிக முக்கியமானவை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவள். மருத்துவர் அல்ல. சிகிச்சையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அறிக்கையில் எந்த எண்ணைக் கவனிக்க வேண்டும் என்பது என் அன்றாட வேலை. "எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடம்பு வாகே இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வரும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. சரிசெய்யக்கூடிய ஒன்றை வாகு என்று ஒதுக்கிவிட்டு, அப்படியே முப்பது நாற்பது வருடம் உழைத்துத் தேய்ந்துபோகிறார்கள்.

முதலில் ஒரு தாளை எடுத்துக் குடும்பத்தில் யார் யாருக்கு அசதி என்று எழுதுங்கள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் அதே அசதி இருந்தால் சந்தேகப்பட வேண்டியது அடுப்படி, தண்ணீர், வேலை, தூக்கம் ஆகியவற்றை. ஊர் மாறிப் போன மகளுக்கும் இருந்தால் பிறப்போடு வந்ததைத் தேட வேண்டும். உங்கள் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர் வேறு, வீடு வேறு. அதனால் உங்கள் வீட்டில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் முதலாவதைத் தாண்டிவிட முடியாது.

நம் காவிரி டெல்டாவில் அந்த முதலாவது, அதாவது வீட்டுச் சூழலால் வரும் அசதி, மிகப் பரவலாக இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. நடவிலும் களையெடுப்பிலும் வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தால் சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பூச்சி மாத்திரை, சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி, கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ, இவ்வளவில் தேறியவர்கள் உண்டு. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் கையிருப்பு இரும்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை. அது 15-க்குக் கீழே போயிருந்தால் கையிருப்பு காலி என்று பொருள். பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே வந்தாலே சிகிச்சை தொடங்குகிறார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை என்றீர்களே, அங்கேதான் தலசீமியா கூறு என்ற ஒன்றை நினைக்க வேண்டும். ஹீமோகுளோபின் உருவாக்கும் மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் பழுது இருக்கும். இது நோய் அல்ல. பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, சிலருக்கு லேசான சோகை இருக்கும். அவர்களுக்கு இரும்புக் குறை இல்லாத நிலையில் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறாது. பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எம்.சி.வி. என்ற வரி சிவப்பணுவின் அளவைச் சொல்லும். 80-க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறியவை. அதற்குப் பக்கத்திலேயே சிவப்பணு எண்ணிக்கை இருக்கும். இரும்புக் குறையில் அணுக்கள் சிறுத்து, எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். தலசீமியா கூறில் அணு சிறியதாக இருக்கும், எண்ணிக்கையோ பெரும்பாலும் ஐந்து மில்லியனைத் தாண்டி நிற்கும். எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.6 மில்லியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11 சொச்சம் வரும். 13-க்குக் கீழே வந்தால் சந்தேகம் வலுக்கும். இது வடிகட்டும் கணக்குதான். உறுதிசெய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புக் குறையும் கூடவே இருந்தால் அந்த அளவு சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால், அறிக்கையைப் படிக்கும் மருத்துவரிடம் ஃபெரிட்டினையும் சேர்த்துக் கொடுங்கள்.

எம்.சி.வி. சரியாக இருந்தால் அடுத்து தைராய்டு. தன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ என்ற நிலையை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்தார். தாய்க்கு, தாயின் தங்கைக்கு, மகளுக்கு என்று பெண்கள் வழியில் அடிக்கடி பார்க்கிறோம். என் அம்மா, பெரியம்மா, நான் மூவரும் அந்த வரிசைதான். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், எடை ஏறுதல், முகம் உப்புதல், மாதவிடாய் அதிகமாதல் எல்லாம் அசதியோடு மெல்ல வரும். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். என்ற ஒரே இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். உறவில் யாருக்காவது வெண்புள்ளி, சிறு வயதிலேயே இன்சுலின் போடும் சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை ஒரே குடும்பத்தில் சேர்ந்து வரக்கூடியவை.

நம் ஊருக்கு என்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். விடியும்போதே ஃபில்டர் காபி குடிக்கும் ஊர் நம்முடையது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியைத் தள்ளிப்போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதைச் செய்யாததாலேயே மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போகும் நிலை சிலருக்கு வருகிறது.

தலசீமியா கூறு, தைராய்டு இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது, கேட்கவே கூச்சப்படும் ஒன்று. உங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும் மாதவிடாய் எப்படி இருந்தது? ஏழு நாளைத் தாண்டியதா, கட்டி கட்டியாகப் போனதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை துணி மாற்ற வேண்டியிருந்ததா? தாய், மகள் எல்லோருக்கும் அப்படியே இருப்பதால் அதுவே இயல்பு என்று நினைத்துவிடுகிறார்கள். இரத்தம் உறையும் தன்மை குறைந்த வான் வில்லிபிராண்ட் நோய் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரலாம். பல் பிடுங்கினால் நிற்காத இரத்தம், அடிக்கடி மூக்கில் வடிதல், இடித்ததே நினைவில்லாமல் தோலில் கன்றிப்போன நீலம், இவை துப்பு. இரத்தம் போய்க்கொண்டே இருந்தால் இரும்பு மாத்திரை எப்படி ஈடுகொடுக்கும்? கர்ப்பப்பைக் கட்டியும் இதற்குக் காரணமாகலாம், அதற்கு ஸ்கேன் போதும். தயவுசெய்து இந்தக் கேள்வியை வீட்டுப் பெண்களிடம் நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். சர்க்கரை நோய் குடும்பத்தில் இருந்தால் அசதிக்கு அதையும் பாருங்கள். ஆனால் இரத்தசோகையும் தலசீமியா கூறும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையின் எண்ணைப் பிசகச் செய்யும் என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் சைவக் குடும்பங்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். அப்போது கால் மரத்துப்போதல், ஞாபக மறதி வரலாம். இரும்பும் பி12-உம் இரண்டும் குறைந்திருந்தால் எம்.சி.வி. நடுவில் நின்று எல்லாம் சரி என்பதுபோல் காட்டும். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோயும் தாடை அமைப்போடு குடும்பத்தில் வரும். வயலுக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆண்களின் அசதிக்குக் கெட்டுப்போன தூக்கமே போதுமான காரணமாக இருக்கலாம். மனச்சோர்வும் குடும்பத்தில் வருவதுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் இருக்கலாம். அதைச் சோம்பல் என்று திட்டுவது கொடுமை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறங்குதல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் தொற்றலாம். கறுப்பாக மலம் போதல், நெஞ்சு வலி, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குதல் என்றால் பரிசோதனைப் பட்டியலை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். அங்கே உள்ள மருத்துவரிடம் குடும்பத் தாளைக் காட்டி, முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., பி12 ஆகியவற்றைக் கேளுங்கள். நால்வரும் ஒரே வாரத்தில் கொடுத்தால் நான்கு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். தனித்தனியே பார்க்கும்போது தெரியாதது அப்போது தெரியும்.

நால்வரில் தங்கையை முதலில் அனுப்புங்கள். தாய்மாமன் உங்கள் அம்மாவின் அதே இரத்தம். தங்கைக்குத் தலசீமியா கூறு இருந்தால் மாமன் மகனுக்கும் இருக்க வாய்ப்பு வெளியாரைவிட அதிகம். இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை பிறக்கலாம். ஒருவருக்கு மட்டும் இருந்தால் அந்தப் பயம் இல்லை. தங்கைக்கு இருப்பது தெரிந்தால் மாப்பிள்ளைக்கும் அதே ஏ2 பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நிச்சயதார்த்தத் தேதி வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.