காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கேரவனில் போகும்போது ஒரு சின்ன ஊரில் ஒரே ஒரு இரவு மட்டும் தங்குவது சரிப்பட்டு வருமா?

தாராளமாக வரும். ஒரு ராத்திரிக்காக அவ்வளவையும் பிரித்துப் பரப்பி மறுபடி கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அதைக் கொஞ்சம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு தடவை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, இதற்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று கண்ணில் பட்ட முதல் ஊரில் நிறுத்தினோம். ஒரு தெரு, அதன் கடைசியில் ஒரு விளையாட்டு மைதானம், அவ்வளவுதான் ஊர். மைதானத்தில் நின்றவரிடம் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். (கேட்டுவிடுங்கள். நடு ராத்திரியில் யாராவது வந்து கதவைத் தட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.) அவர் சரி என்றதோடு விடவில்லை, மரத்தடியில் புல் பச்சையாக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், அடியில் ஈரம், மழை பெய்தால் டயர் இறங்கிவிடும், சரளை போட்ட பக்கம் போங்கள் என்று கூடவே நடந்து வந்தார்.

சரளைப் பக்கம் போக ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது, அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள், நாலு பேரும் நாலு திசையில் கை காட்டுகிறார்கள். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவன் வலப்பக்கம் போகும் என்பதில் எனக்கே பாதி நேரம் குழப்பம். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். நேரே நுழைந்து நேரே வெளியேறும் இடம் கிடைத்தால் இந்த வம்பே வேண்டாம்.

காரைக் கழற்றவில்லை. கழற்றாவிட்டால் காலையில் கால் மணி நேரம் மிச்சம், ஆனால் முன்னும் பின்னும் மட்டம் பார்க்க முடியாது, அதனால் இடமே ஓரளவு சமமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றினால் போதும். கேரவனின் நாலு மூலையிலும் உள்ள தாங்கு கால்களை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள், அதை வைத்து வண்டியைத் தூக்கப் பார்க்காதீர்கள், வளைந்துவிடும். காருக்கும் கேரவனுக்கும் இடையிலுள்ள மின் பிளக்கை உருவிவிடுங்கள், இல்லையென்றால் சில கார்களில் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் இழுத்து, காலையில் பேட்டரி காலி.

மட்டம் என்றால் தூக்கத்துக்காக மட்டும் இல்லை. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்குள் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா கரைசல் சூடாகி, ஆவியாகி, குளிர்ந்து, தன் எடையாலேயே குழாய் வழியாக வழிந்து திரும்ப வேண்டும். வண்டி ரொம்பச் சாய்ந்து நின்றால் அது வழியிலேயே தேங்கிவிடும், பால் திரிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

அப்புறம் தண்ணீர். மைதானத்துக் குழாயில் மரையே இல்லை, எங்கள் ஹோஸ் மாட்டவில்லை. எதிர் வீட்டு அம்மா வேலி தாண்டி ஒரு பூவாளியை நீட்டினார், பத்து லிட்டர் பிடிக்கும். நாலு நடை. நாலாவது நடையில்தான் உறைத்தது, இரண்டு பேருக்கு ஒரு ராத்திரிக்கு நாற்பது லிட்டரே அதிகம்! லிட்டருக்கு ஒரு கிலோ, எண்பது லிட்டர் டேங்கை நிரப்பினால் எண்பது கிலோவை மறுநாள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். டேங்க் சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால் பின்பாரம் கூடி வேகத்தில் வண்டி ஆட ஆரம்பிக்கும்.

சிங்க்கில் இருந்து வரும் கழிவுநீருக்கு அடியில் ஒரு வாளி வையுங்கள், தரையில் விடாதீர்கள். டாய்லெட் கேசட்டை, அதாவது கேரவன் கழிவறைக்கு அடியில் கழிவு சேரும் கழற்றக்கூடிய பெட்டியை, அங்குள்ள பொதுக் கழிவறையில் கொட்டலாமா என்றால், கூடாது. சின்ன ஊர்களில் பல இடங்களில் செப்டிக் டேங்க்தான், நம் கேசட்டில் ஊற்றும் மருந்துகளில் பல அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இரண்டு பேர் என்றால் கேசட் ஒரு நாள் தாங்கும், அதைக் கொட்டுவதற்கென்றே உள்ள இடம் வரும்வரை வைத்திருங்கள்.

காலையில் கிளம்பும்போது பூவாளியைக் கொடுத்துவிட்டு, கால்களைத் தூக்கி, பிளக்கை மாட்டி, கேஸை மூடி, எல்லாம் சரி என்று வண்டியை எடுத்தேன். அந்த அம்மா வாசலில் நின்று கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இன்னும் வேகமாக ஆட்டினார், எவ்வளவு பாசம் பார் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஹார்ன் அடித்தேன். அவர் தெருவுக்கே ஓடி வந்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன், கதவடிப் படியை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு போகிறேன்.

நான் இறங்குவதற்குள் அவரே அதைக் காலால் தள்ளி உள்ளே மடக்கிவிட்டார்.