வன்னியில் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் கிறிஸ்தவக் குழுக்களால் உண்மையில் பயன் உண்டா, அல்லது அது மதம் மாற்றத்தானா?

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் டி போல் சபையில், எங்கள் பங்கில், ஆறு வருடமாக இருக்கிறேன். வெள்ளி இரவுகளில் பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், கடைத்தெரு என்று சுற்றிச் சாப்பாடு கொடுப்போம். உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பயன் உண்டு. ஆனால் பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டால் அந்தப் பயன் மிகக் கொஞ்சம். இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஐயா.

முதல் வருடம் நாங்கள் கொடுத்தது ப்ரைட் ரைஸ். சமைக்கச் சுலபம், கட்டவும் சுலபம். கடை விறாந்தை ஒன்றில் படுக்கும் அந்த ஐயா ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு கையாலும் வாங்கி, "நல்லா இருங்கோ" என்பார். சுற்று முடிந்து அந்த வழியே திரும்பும்போது பார்த்தால் லன்ச் சீட்டை விரித்துப் பாதிக்கு மேல் நாய்க்கு வைத்திருப்பார். எங்களில் ஒருவருக்குக் கோபமே வந்தது. ஒரு நாள் நான் பக்கத்தில் குந்தியிருந்து ஏன் என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினார். கீழ் வரிசையில் இரண்டு பல், மேலே ஒன்றும் இல்லை.

"சோறு விறைச்சுப் போகுது தம்பி, சப்பேலாது. குறை நினைக்காதேங்கோ. இடியப்பமும் சொதியும் எண்டால் ஊறவிட்டுச் சாப்பிடுவன்."

அடுத்த வெள்ளி இடியப்பம் கொண்டுபோனோம். சொதியை வழக்கம்போலச் சின்னப் பொலித்தீன் பையில் முடிந்திருந்தோம். அந்த முடிச்சை அவிழ்க்க அவருடைய விரல்கள் மடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மூடி உள்ள டப்பாவில் கொண்டுபோகத் தொடங்கினோம். ஆனால் எங்கள் பதிவுக் கொப்பியில் அந்த முதல் வருடம் முழுக்க அவர் சாப்பிட்டதாகத்தான் இருக்கிறது.

வவுனியாவில் தெருவில் படுப்பவர்கள் கொழும்பைப் போல நிறையப் பேர் இல்லை. ஆனால் இது இடம்பெயர்ந்து வந்தவர்களின் ஊர். பூந்தோட்டம், சிதம்பரபுரம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களில் மலையகத்தில் இருந்து ஓடிவந்து, காணி உறுதி எதுவும் இல்லாமலே இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை 2012 செப்டெம்பரில் மூடினார்கள். அப்போதும் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்களுக்குத் தங்கள் காணிக்குப் போக முடியவில்லை. அது இராணுவத்திடம் இருந்தது, வேறு இடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். இப்படி வேர் அறுந்த இடத்தில் ஒரு நோயோ, குடியோ, பிள்ளைகளோடு ஒரு சண்டையோ வந்தால் போதும், ஒரு மனிதர் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவார்.

ஐயா முல்லைத்தீவுப் பக்கம். மனைவியையும் அடையாள அட்டையையும் 2009 போரில் இழந்தவர். அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அட்டை இல்லை என்றால் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லை என்றால் அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும இல்லை, 70 வயதைத் தாண்டியவர்களுக்கான கொடுப்பனவும் இல்லை. அட்டை எடுக்க ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகர், கையெழுத்து வேண்டும். விறாந்தையில் படுப்பவருக்கு எந்த ஜீ.எஸ். கையெழுத்துப் போடுவார்? ஒரு அலுவலகத்தில் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாலாவது முறை அவர் போகவே இல்லை.

எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உதவி தேவைப்படுபவரிடம் தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போகவேண்டும், அவர் இருக்கும் இடத்துக்கே போகவேண்டும். 1833இல் பாரிஸில் இருபது வயது மாணவன் ஒசானாமும் அவன் நண்பர்களும் இந்தச் சபையைத் தொடங்கியதே ஒரு கேள்வியால்தான். 'உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது, இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று கூடப் படித்தவர்கள் விவாதத்தில் கேட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய அருட்சகோதரி ரோசலி ரெந்து என்பவர், ஏழைகளின் வீட்டுக் கதவைத் தட்டப் பழக்கினார். நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், அதனால் எனக்கு அது பிடித்திருக்கிறது.

சரி, நாங்களும் இரண்டு பேராகப் போனோம். முதலில் பொலிஸ் முறைப்பாடு, பிறகு பிறப்புச் சான்றிதழ் தேடல். அது கிடைக்காததால் வயதை மதிப்பிட்டுத் தரும் சான்றிதழ். பிறகு அவருடைய பழைய ஊரின் ஜீ.எஸ்.ஸைத் தேடிப் பஸ்ஸில் இரண்டு பயணம். அந்த ஊர்க் கிழவி ஒருவர் வாசலில் நின்று இவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் எங்கட தச்சன்ரை பெடியனெல்லே" என்றார். ஐயா அங்கேயே தரையில் இருந்துவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஸ்டூடியோவில் அட்டைக்குப் படம் எடுக்கும்போது என் சேட்டைக் கழற்றிக் கொடுத்தேன், காலர் பெரிதாகிவிட்டது. முதுகுப் பக்கம் துணி கவ்வும் கிளிப் குத்தித்தான் எடுத்தோம்.

எல்லாம் முடிய எட்டு மாதம். பார்சல் என்றால் அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கலாம். அதற்காக உணவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் அரசின் கணக்குப்படியே உணவு விலை ஒரே வருடத்தில் 90 வீதத்துக்கு மேல் ஏறியபோது, சமையல் காஸ் இல்லாமல் எங்கள் பங்குக் கோவில் வளவில் விறகு அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். வேலைக்குப் போகும் ஆட்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் கஞ்சிதான் வேண்டும், வேறு பேச்சு இல்லை.

இனி மதமாற்றம். அப்படி ஒன்றும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் பிரசங்கம் கேட்க வைத்த குழுவை நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மனம் நொந்த விஷயம். பசித்தவர் 'ஆமென்' சொல்வது சோற்றுக்காகவா விசுவாசத்துக்காகவா என்று அவருக்கே தெரியாத நிலையில் அவரை நிறுத்துவது பாவம் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் குழுவில் துண்டுப் பிரசுரம் கிடையாது. செபிக்கச் சொல்லிக் கேட்டால் செபிப்போம், கேட்காவிட்டால் இல்லை.

இதை நான் என் அம்மாவிடம் படித்தேன். போர் நடந்த 90களில் மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோவில் வளவு ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு வீடாக இருந்தது. 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து, அடைக்கலம் தேடியிருந்தவர்களில் 40 பேரளவில் இறந்தார்கள். அம்மா அதற்கு முன்பு அங்கே பதினொரு மாதம் இருந்தவர். பக்கத்துக் கொட்டிலில் ஒரு சைவக் குடும்பம். அந்த வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பார், என் அம்மா அன்றைக்கு மீன் கருவாடு சமைக்கமாட்டார். சுவாமிமார் யாரும் அவர்களிடம் ஞானஸ்நானம் பற்றிக் கதைத்ததே இல்லை என்பார்.

எங்கள் ஐயாவும் சைவர்தான். தலைமாட்டுப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் திருநீறு வைத்திருப்பார். சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பை எங்கேயோ தொலைந்துபோனது. எங்கள் சபைத் தலைவர் பூசை முடிந்த கையோடு சைக்கிளில் போய்க் கந்தசுவாமி கோவிலில் திருநீறு வாங்கிவந்து கொடுத்தார்.

ஐயாவுக்கு இப்போது கொடுப்பனவு வருகிறது. ஆனாலும் இன்னும் அதே விறாந்தையில்தான் படுக்கிறார். தனி ஆள், வயது போனவர் என்றதும் யாரும் அறை வாடகைக்குத் தரச் சம்மதிக்கவில்லை. வாடகைக்கு நாங்கள் பொறுப்பு நிற்கிறோம். வவுனியா நகரத்துக்குக் கிட்ட, படி ஏறத் தேவையில்லாத, கழிப்பறை பக்கத்தில் உள்ள ஒற்றை அறை யாரிடமாவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மாரி மழை தொடங்க முன்னம் கிடைத்தால் நல்லது.